சமையல் மேடையில் ஓர் ஓட்டை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "கவிதை ஏற்கெனவே பதினேழு வந்து கிடக்குடா. எல்லாம் நட்பும் பிரிவும்தான். உனக்குத் தெரிஞ்ச வேலையைப் பத்தி எழுது" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஓரளவு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றுதான்: கல்லில் ஓட்டை போடுவது. அதுவும் முதலில் தப்பாகப் போட்டு, பிறகு ஒழுங்காகப் போட்டுத் தெரிந்துகொண்டது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் சிங்க்குக்கு மேலே சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் கசிய ஆரம்பித்தது. "டைல்ஸை உடைச்சு பைப்பை மாத்தணும். இல்லேன்னா மேடைக் கல்லுல ஒரு ஓட்டை போட்டு, கீழேயிருந்து லைன் எடுத்து, ஸ்வான் நெக் குழாயை மேடை மேலேயே நிறுத்திடலாம்" என்றார் பிளம்பர். ஓட்டைக்குக் கூலி தனி. "எங்க வீட்லயே டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை இருக்கான்" என்று அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால், அதே சமையலறைச் சுவரில் ஆறு மாதத்துக்கு முன்பு நான் போட்ட ஓட்டையை மறைக்கத்தான் அங்கே ஒரு காலண்டர் தொங்குகிறது!

முதலில் அந்தக் காலண்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அலமாரி மாட்டுவதற்காக டைல்ஸ் மேல் கான்க்ரீட் பிட்டை வைத்து, டிரில்லிங் மெஷினை ஹேமர் நிலையில் போட்டு ஒரே அழுத்து அழுத்தினேன். ஓட்டை விழுந்தது. கூடவே ஓட்டையிலிருந்து மூலை வரைக்கும் ஒரு விரிசலும் ஓடியது. காரணம் இப்போது புரிகிறது. ஹேமர் நிலையில் அந்த மெஷின் நிமிடத்துக்கு 40,000 தடவைக்கு மேல் தட்டுகிறது. கான்க்ரீட்டுக்கும் செங்கல்லுக்கும் அது சரி. அவை நொறுங்கித்தான் வழிவிடும். டைல்ஸோ கண்ணாடிப் பூச்சு கொண்ட மெல்லிய தகடு. பின்னால் சிமென்ட் பிடிக்காமல் காலியாக இருக்கிற இடத்தில் தட்டினால் அப்பளம் மாதிரிதான். விரலால் தட்டிப் பார்த்தாலே 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும். அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

இப்போது நான் செய்கிற முறை வேறு. குறி வைத்த இடத்தில் காகித டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிடுகிறேன்; பிட் வழுக்காது. ஈட்டி முனை போன்ற டைல்ஸ் பிட்டை எடுத்து, ஹேமரை நிறுத்திவிட்டு, மெதுவான வேகத்தில் டைல்ஸ் கனம் தாண்டும் வரை மட்டும் குடைகிறேன். அதன் பிறகுதான் கான்க்ரீட் பிட், அதன் பிறகுதான் ஹேமர். இன்னொன்று, பிளாஸ்டிக் பிளக்கை டைல்ஸ் மட்டத்தோடு நிறுத்தக்கூடாது. ஸ்க்ரூ ஏறும்போது பிளக் விரியும். அந்த விரிவு டைல்ஸுக்குள் நடந்தால் ஓட்டை ஒழுங்காக இருந்தாலும் விரிசல் விடும். பிளக்கை உள்ளே தள்ளி, சுவருக்குள் விரியும்படி விட வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும், குழாய்க்கு நேர் மேலேயும் ஓட்டை போடாதீர்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. (ஆனாலும் எங்கள் தெருவில் ஒருவர் போட்டார். அன்றைக்கு மூன்று வீட்டில் தண்ணீர் இல்லை.)

விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் ஈட்டி முனை பிட் சீக்கிரமே மழுங்கிவிடும். அந்த வகை டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. சாதாரணச் சுவர் டைல்ஸோ 10 சதவிகிதத்துக்கு மேலேயே உறிஞ்சும். அதாவது ஒன்று கல் போல இறுகியது, மற்றது பொருக்கு. இறுகியதற்கு டைமண்ட் பிட்தான்.

இனி மேடைக்கு வருவோம்.

எங்கள் மேடைக் கல் 'காஷ்மீர் ஒயிட்'. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தக் கல் காஷ்மீரிலிருந்து வருவதில்லை, நம்ம மதுரைப் பக்கத்துப் பாறைதான். வெள்ளையில் சிவப்புப் புள்ளி தெளித்த மாதிரி இருக்கும். அந்தச் சிவப்பு கார்னெட். வெள்ளையில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்திருக்கும். மோஸ் அளவுகோலில் ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, கார்னெட்டும் ஏறக்குறைய அதே அளவு. பழைய வீடுகளில் இருக்கிற கடப்பாக் கல் இதுபோல் அல்ல. அது சுண்ணாம்புக் கல். அதிலுள்ள கால்சைட்டின் கடினம் 3 மட்டுமே. எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே பளபளப்புப் போய்விடும். அதைக் கான்க்ரீட் பிட்டாலேயே ஹேமர் இல்லாமல் குடைந்துவிடலாம், ஓரம் பெயராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதெல்லாம் தெரியாமல், லேத்தில் புழங்குகிற பழக்கத்தில், ஒரு ஹெச்.எஸ்.எஸ். பிட்டை வைத்து ஓரத்துத் துண்டுக் கல் ஒன்றில் சோதனை போட்டேன். (ஒர்க்‌ஷாப் ஸ்டோரிலிருந்து எடுத்தது அல்ல, சொந்தக் காசு!) இரண்டு நிமிடத்தில் முனை நீலம் பாய்ந்து உருண்டையாகிவிட்டது. கல்லில் ஒரு பொட்டு வைத்த அளவுக்குக்கூடக் குழி இல்லை. கல் பிட்டைத் தேய்த்ததே தவிர, பிட் கல்லைத் தேய்க்கவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. கிரானைட் பட்டறையில் பத்தொன்பது வருடம் அறுப்பும் பாலிஷும் பார்த்தவர். எங்கள் மேடைக் கல்லே அவர் கையால் அறுத்துக் கொடுத்ததுதான். அதன் பிறகு சில மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். இப்போது எங்கள் வீட்டுக்கு வர எட்டுப் படி ஏறினால், எட்டாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குகிறார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன வேலை பார்த்தீங்க?" என்பதுதான்.

என் கையிலிருந்த நீல பிட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாப்ள, இது இரும்புக்கு. கல்லுக்குக் கல்லுதான். டைமண்ட் கோர் பிட் வாங்கிட்டு வா, 25 மி.மீ." அரை இஞ்ச் குழாய் மரையின் வெளி விட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. அதனால் 25 மி.மீ. ஓட்டை தாராளம்.

கோர் பிட் என்பது உள்ளே வெறும் கூடு, விளிம்பில் மட்டும் வைரத் தூள். அது சீவுவதில்லை, தேய்க்கிறது. நடுவில் முனை கிடையாது, ஆகவே ஆரம்பத்தில் கல் மேல் ஐஸில் ஓடுகிற மாதிரி ஓடும். இதற்கு இரண்டு வழி. மெஷினை 45 டிகிரி சாய்த்து, பிறை மாதிரி ஒரு கோடு விழுந்ததும் மெல்ல மெல்ல நிமிர்த்துவது ஒன்று. ஒட்டுப் பலகையில் அதே அளவு ஓட்டை போட்டு, அதைக் கல் மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரிப்பட்டது.

வேகக் கணக்கை நம்ம ஒர்க்‌ஷாப் நோட்டிலேயே பார்க்கலாம். வெட்டு வேகம் என்பது பை × விட்டம் × சுழற்சி, வகுத்தல் 1000. சாதாரண மெஷின் நிமிடத்துக்கு 2,800 சுற்று. 25 மி.மீ. பிட்டுக்கு விளிம்பு வேகம் நிமிடத்துக்கு 220 மீட்டர் வருகிறது. சூடு தாங்காது. 800 சுற்றுக்குக் குறைத்தால் 63 மீட்டர், அது போதும். வைரம் என்றால் எதற்கும் அசையாது என்று நினைப்போம். ஆனால் அது கரிதானே! காற்றில் 700, 800 டிகிரியை நெருங்கினால் வைரமே வெந்து வீணாகிவிடும். அதற்கு முன்பே அதைப் பிடித்திருக்கும் நிக்கல் பூச்சு கெட்டுப்போகலாம்.

ஆகவே தண்ணீர். மாமாவின் யோசனைப்படி அம்மாவிடம் சப்பாத்தி மாவு ஒரு உருண்டை வாங்கி, குறியைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்குக் கரை கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றினேன். கரண்ட் மெஷினும் தண்ணீரும் ஒரே மேடையில் இருப்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பிறகே பிளக்கைச் செருகினேன். பேட்டரி மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஓட்டையின் இடத்தைப் பற்றி மாமாவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். சிங்க்குக்குப் பின்னால் சுவர் வரைக்கும் 85 மி.மீ. கல்தான் இருக்கிறது. நான் சிங்க் ஓரமாகப் போடலாம் என்றேன், குழாய் எட்டும் என்பதற்காக. மாமா நட்ட நடுவில் என்றார். அவர் 'கிர்ஷ்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் 1898-இல் கிர்ஷ் கணக்கிட்டுச் சொன்னதை நாம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படிக்கிறோம்: இழுக்கப்படும் அகலமான தகட்டில் ஒரு வட்ட ஓட்டை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும். ஓரத்துக்கு நெருங்கினால் நிலைமை இன்னும் மோசம். கல்லோ அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. மாமா சொன்ன இடத்திலேயே குறி வைத்தேன். கீழே கல்லுக்கு அடியில் ஒரு பலகை வைத்து முட்டுக் கொடுத்தோம்.

பிறகு குடைந்தேன். அழுத்தாமல், மெஷினின் எடை மட்டும் போதும் என்று விட்டு, சில நொடிக்கு ஒரு தடவை தூக்கித் தூக்கி, சேறு வெளியேற வழி விட்டு. பால் மாதிரி வெள்ளைச் சேறு வந்துகொண்டே இருந்தால் பிட் வேலை செய்கிறது என்று அர்த்தம். 18 மி.மீ. கனத்துக்கு, நிறுத்தி நிறுத்தி, இருபது நிமிடம் ஆனது. கடைசி 2 மி.மீ.தான் கண்டம். அங்கே அழுத்தினால் அடிப்பக்கம் பெரிய சில்லாகப் பெயர்ந்துவிடும். சத்தம் மாறும்போதே கையைத் தளர்த்திவிட்டேன். முட்டுப் பலகை இருந்ததால் அடிப்பக்கமும் சுத்தமாக வந்தது. ஒரு வட்டத் துண்டு, பழைய எட்டணா மாதிரி, பிட்டுக்குள் மாட்டிக்கொண்டு வந்தது.

வேலை முடிந்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சேறு காய்ந்து வெள்ளைப் பொடியாகியிருந்தது. விளக்குமாறை எடுத்து ஒரு வீச்சு வீசினேன். மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் இருமினார். பிறகுதான் சொன்னார். "தண்ணி ஊத்துறது பிட்டுக்காகன்னு நினைச்சியா மாப்ள? எங்க பட்டறையில தண்ணி ஊத்தினா வேலை மெதுவாகும்னு காய்ஞ்ச கல்லையே அறுக்கச் சொல்லுவாங்க. சாயங்காலம் ஒருத்தனை ஒருத்தன் அடையாளம் தெரியாது. நாங்க அதைப் பார்த்துச் சிரிப்போம்."

நுரையீரலின் அடிவரை போகிற சிலிக்கா தூசு 5 மைக்ரானுக்கும் குறைவானது; கண்ணுக்குத் தெரியாது, கைக்குட்டைக்கு நிற்காது. உள்ளே போனது வெளியே வராது. அதைச் சுற்றித் தழும்பு கட்டும். சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பை மாற்ற மருந்து இல்லை, காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. ஆஸ்திரேலியா, 90 சதவிகிதம் வரை சிலிக்கா கொண்ட செயற்கைக் குவார்ட்ஸ் மேடைக் கல்லை 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டது. ஒரே ஒரு ஓட்டையால் நமக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பது வாஸ்தவம். ஆனால் நம்மில் சிலர் படிப்பு முடிந்து கல் பட்டறைக்கோ கட்டட வேலைக்கோ சூப்பர்வைசராகப் போவோம். தண்ணீரைத் திறக்கச் சொல்வதும் மூடச் சொல்வதும் அப்போது நம்ம வாயில்தான் இருக்கும்.

ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து, துணியை வாளியில் அலசி, சேறு அடங்கியதும் தெளிந்த தண்ணீரைக் கொட்டினேன். சேற்றை சிங்க்கில் ஊற்றியிருந்தால் அடியில் வளைவில் படிந்து அடைத்திருக்கும். அந்தப் படிவைக் காகிதத்தில் மடித்து ஈரத்தோடே குப்பையில் போட்டேன். மறுநாள் பிளம்பர் வந்து குழாயை நிறுத்தினார். ஓட்டையைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்டார். அம்மா மாமாவைக் காட்டினாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த 25 மி.மீ. பிட் இன்னும் நாலைந்து ஓட்டைக்குத் தாங்கும். விடுதியில் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூடவே ஒரு என்95 முகக்கவசமும் தருவேன். பிட்டைத் திருப்பித் தந்தால் போதும்.