மெக்கென்சி முறை

மெக்கென்சி முறை என்பது கீழ் முதுகு வலியை உடற்பயிற்சிகள் மூலம் நோயாளி தாமே குறைத்துக்கொள்ளக் கற்பிக்கும் இயன்முறை மருத்துவ முறையாகும். இதனை உருவாக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கென்சி (1931–2013).

வரலாறு

1956 ஆம் ஆண்டு வெலிங்டன் நகரில் மெக்கென்சியிடம் சிகிச்சை பெற்றுவந்த ஒருவருக்கு முதுகிலிருந்து கால் வரை வலி பரவியிருந்தது. தலைப்பகுதி உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில் அவர் தற்செயலாகக் குப்புறப் படுத்தார். முதுகு பின்னோக்கி வளைந்த அந்நிலையில் சில நிமிடங்கள் இருந்தபின் கால் வலி நீங்கியது. இந்நிகழ்வே இம்முறைக்கு வித்திட்டது.

செயற்பாடு

எந்தத் திசையில் வளைந்தால் வலி குறைகிறது என்பது முதலில் கண்டறியப்படும். பலருக்கு அது பின்னோக்கிய திசையாகும். இவர்கள் குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையிலேயே வைத்து, கைகளை ஊன்றி மார்பை உயர்த்துவர். கால் வலி மேலேறி முதுகில் ஒடுங்குவது மையமாதல் எனப்படும். இது நல்ல அறிகுறியாகும். மாறாக, வலி காலில் மேலும் கீழிறங்கினால் பயிற்சியை நிறுத்த வேண்டும்.

மருந்தும் பயிற்சியும்

2014 இல் லான்செட் இதழில் வெளியான ஆத்திரேலிய ஆய்வொன்றில், புதிதாகத் தோன்றிய கீழ் முதுகு வலி குணமாகும் காலத்தைப் பாராசித்தமோல் குறைக்கவில்லை எனத் தெரியவந்தது. நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சி முதலிய மருந்தற்ற முறைகளையே முதலில் கையாளுமாறு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017 இல் பரிந்துரைத்தது.

எச்சரிக்கை

சிறுநீர், மலம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த இயலாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவை நரம்பு நெரிபடுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். இந்நிலையில் பயிற்சி செய்யாது, உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.