கண்டு பயன்கொள்ளத்தக்க பழந்திரைப்படங்கள்

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். மாணவரின் பொழுதையும் புத்தியையும் அது கொள்ளை கொள்கின்றது என்பது அவர்தம் முறையீடு. ஆண்டுதோறும் வெளிவரும் படங்களுட் பெரும்பாலானவற்றை நோக்குமிடத்து, அம் முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பதரை வெறுத்து நெல்லையும் தூற்றிவிடுதல் அறிவுடைமை ஆகாது. இலக்கியத்திற் போலவே இக்கலையிலும் காலத்தை வென்று நிற்பன சில உள. எம்பிலிப்பிட்டியவிலும் அதன் வடபால் அமைந்த தோட்டங்களிலும் வளரும் தமிழ் மாணவர் அவற்றுள் முதற்கண் காணத்தக்கவை எவை என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலிற் பெயர் சொல்லத்தக்கது, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 இல் ஆக்கிய 'பெத்தேகம' என்னும் சிங்களப் படம். 'காட்டுக் கிராமம்' என்பது அப்பெயரின் பொருள். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர், தாம் கண்ட குடிமக்களின் துயரைப் பொருளாகக் கொண்டு 1913 இல் வெளியிட்ட நாவலே இதன் மூலம். எம்பிலிப்பிட்டிய, இரத்தினபுரி மாவட்டத்துக்குரியதேனும், மலைச்சாரலின் ஈரம் அங்கில்லை. அது வளவை கங்கை பாயும் உலர்ந்த தாழ்நிலம். தெற்கே சிறிது தூரம் சென்றால் அம்பாந்தோட்டை மாவட்டம் தொடங்கிவிடும். 1960களில் உடவளவை நீர்த்தேக்கம் எழுந்து வயல்கள் பரவுமுன் இந்நிலம் எவ்வாறிருந்திருக்கும் என்று அறிய விரும்புவோர்க்கு இப்படம் ஒரு கண்ணாடி.

கதைத் தலைவன் சிலிந்து ஒரு வேடன். தாயற்ற இரட்டைப் பெண்மக்களின் தந்தை. சேனைப் பயிர் செய்ய உத்தரவுச் சீட்டு வேண்டும்; அச்சீட்டுக் கிடைப்பதும் கிடையாததும் ஊர்த் தலைவனின் கையில். சீட்டுக் கிடையாவிடின் பசி. பசி வந்தாற் கடன். கடன் வந்தாற் பெண்மக்களின் மானத்துக்கும் இடர். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து, சாதுவான ஒருவன் துப்பாக்கி எடுக்கும் நிலை வரை கதை நகர்கின்றது. தலைமைக் கங்காணியிடம் பட்ட கடனும் துண்டு முறையும் தம் முன்னோரை எவ்வாறு பிணித்தன என்று பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்த தோட்டத்து மாணவனுக்கு, சிலிந்துவின் கதை அயலான் கதையாகத் தோன்றாது. மொழி வேறு, பிணிப்பு ஒன்றே.

சிலிந்துவாக நடித்த ஜோ அபேவிக்கிரம அதிகம் பேசுவதில்லை. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாட்டுள் அழுகையும் அச்சமும் வெகுளியும் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும் நுட்பம், ஆசிரியர் வகுப்பிற் காட்டி விளக்கத்தக்கது. நெடிய வசனத்தைச் செவியாற் கேட்டே படம் பார்த்துப் பழகிய நமக்கு இது தொடக்கத்திற் சற்றுச் சோர்வு தரலாம். நீதிபதியாகத் தோன்றும் வெள்ளையர், இலங்கையிற் குடியிருந்த விஞ்ஞானக் கதையாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் என்பது சுவையான செய்தி.

பீரிசின் முதற்படமான 'ரேகாவ' 1956 இல் வெளிவந்தது. அதற்கு முன் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தென்னிந்திய அச்சிலேயே வார்க்கப்பட்டன. 1947 இல் வெளியான முதற் சிங்களப் பேசும்படமே எஸ். எம். நாயகம் என்ற தமிழரின் முதலீட்டில் மதுரையில் உருவானது என்பதைப் பலர் அறியார். பீரிசோ கமராவைக் கிராமத்துக்கே கொண்டு சென்றார். ஒரு சிறுவனின் கைபட்டுத் தோழியின் கண்பார்வை மீள, அதனை ஊரார் மூடநம்பிக்கை எங்கே கொண்டு சென்று விடுகின்றது என்பதே கதை. 1957 இல் கான் திரைப்பட விழாவிற் போட்டிக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட இப்படம் உள்நாட்டில் நட்டமடைந்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய 'கம்பெரலிய' (1963) 1965 இல் புதுடில்லி விழாவிலே தங்க மயில் விருது பெற்றது. பழங்குடி மனையொன்று நொடித்துப் போவதை இத்துணை அமைதியாகச் சொன்ன படம் நம் நாட்டில் வேறில்லை எனத் துணிந்து கூறலாம்.

தமிழகப் படங்களுள், வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) ஒன்றே இங்கு அமையும். பாட்டோ நடனமோ இன்றி, ஒரு கொலையைப் பலர் வாய்மொழியாக ஆராயும் அப்படம் அளவை நூல் பயிலும் மாணவர்க்கு நல்ல பயிற்சி.

இனி, ஈழத்துத் தமிழ்ப் படங்கள். 1963 இல் கிருஷ்ணகுமார் எடுத்த 'தோட்டக்காரி', தெளிவத்தை ஜோசப்பின் கதையைக் கொண்டு வி. பி. கணேசன் 1975 இல் வெளியிட்ட 'புதிய காற்று' ஆகிய இரண்டும் தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொணர முயன்றன. கலைத்திறனில் இவை பீரிசின் படங்களோடு ஒப்பிடத்தக்கன அல்ல. எனினும் மலையகத்தார் தம் முகத்தைத் தாமே திரையிற் கண்ட முதற் பொழுதுகள் அவை. கலைத்திறனை நாடுவோர், தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்துச் சாதி, சீதனக் கொடுமைகளைப் பொருளாக்கிய 'பொன்மணி'யைக் (1977) காண்க. சிங்களவர் ஒருவர் தமிழில் எடுத்த இப்படத்தை அக்காலத்துத் தமிழர் போதிய அளவு போற்றவில்லை.

1983 ஜூலை வன்செயலிற் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரியூட்டப்பட்டபோது, சிங்களம், தமிழ் என்ற பேதமின்றிப் படச்சுருள்கள் பல சாம்பராயின. ஆகையால் இந்நாட்டுப் பழம்படம் எதுவாயினும் காணக் கிடைக்கும்போதே கண்டுகொள்ள வேண்டியிருக்கின்றது. பழைய பாட்டுப் புத்தகங்களையோ விளம்பரத் தாள்களையோ வீட்டுப் பெட்டகத்தில் வைத்திருக்கும் பழைய மாணவர் அவற்றைக் கல்லூரி நூலகத்துக்கு அளிப்பாராயின், அப்படங்களைத் தேடுவோர்க்கு அவையேனும் உதவும்.