கிட்டம் காட்டும் கொல்லன் பட்டறை

இங்கிலாந்தின் ஈர மண்ணில் 1,200 ஆண்டு கிடந்த இரும்புக் கத்தி, துருவேறிய ஒரு கட்டியாகத்தான் வெளியே வரும். உலையிலிருந்து கழித்துக் கொட்டிய கிட்டத்துக்கு அந்தக் கேடு இல்லை. லிங்கன்ஷர் பகுதியின் டாட்டர்ஷால் தோர்ப்பில் 1981இல் கிடைத்ததுபோல், சுத்தியல், குறடு, பட்டடையோடு புதைக்கப்பட்ட 7ஆம் நூற்றாண்டுக் கொல்லரின் குழி அபூர்வம். சாக்சன் கால இரும்புத் தொழிலை அறியப் பெரும்பாலும் கொல்லர்கள் விட்டுச்சென்ற கழிவைத்தான் நம்பவேண்டியிருக்கிறது.

வில்ட்ஷரில் உள்ள ராம்ஸ்பரியில் 1974இல் தோண்டியபோது, 8ஆம் நூற்றாண்டின் கடைசியையும் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த உலைகள் வெளிப்பட்டன. முந்தியவை தரையில் பறித்த குழி உலைகள். கிட்டம் அடியிலேயே தேங்கி உறைந்துவிடும். பிந்திய உலையிலோ அது வெளியே வழிந்தோட வழி இருந்தது. ஒரே களத்தில் தொழில் ஒரு படி ஏறியதைக் காண்பது பெரிய பேறு.

இந்த உலைகளில் இரும்பு உருகாது. அதற்கு 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். மரக்கரியும் துருத்தியும் தந்தது சுமார் 1,200 டிகிரிதான். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும். தாதுவில் உள்ள மணற்சத்து, இரும்பு ஆக்சைடில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொண்டு கிட்டமாக உருகி இறங்கும். மிஞ்சும் இரும்பு கடற்பஞ்சுபோல் பொத்தலாக நிற்கும். அதைச் சூடு ஆறாமல் சம்மட்டியால் அடித்து, உள்ளே சிக்கிய கிட்டத்தைப் பிதுக்கி வெளியேற்றவேண்டும்.

பட்டறை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை இன்னும் அழகானது. பழுத்த இரும்பை அடிக்கும்போது அதன் மேல்தோல் சில மில்லிமீட்டர் அளவுள்ள கருஞ்செதில்களாக உதிரும். இரண்டு துண்டுகளைக் காய்ச்சி ஒட்டும்போது, உருகிய கிட்டம் பொடி உருண்டைகளாகத் தெறிக்கும். மண்ணோடு மண்ணாய்க் கிடப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் காந்தம் இழுக்கும். ஆய்வாளர்கள் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து மண்ணிலும் காந்தத்தை ஓட்டி, ஒட்டியதை நிறுக்கிறார்கள். செதில் மிகுந்த இடத்தை ஒட்டித்தான் பட்டடை இருந்திருக்கவேண்டும். உருண்டைகள் மிகுந்தால் அங்கே ஒட்டுவேலை நடந்திருக்கிறது.

அந்த ஒட்டுவேலை எவ்வளவு தேர்ந்தது என்பதை ஹாம்விக் கத்திகள் காட்டுகின்றன. இன்றைய சவுத்தாம்ப்டனில் இருந்த சாக்சன் துறைமுக ஊர் அது. அங்கே கிடைத்த கத்திகளில் சிறு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, முதுகுப்பக்கம் மெல்லிரும்பாகவும் வாய்ப்பக்கம் தோய்ச்சல் கொடுத்த எஃகாகவும் இருந்தன. கடினமான எஃகு கூர்மையைக் காத்தது. வளைந்துகொடுக்கும் மெல்லிரும்பு கத்தியை முறியாமல் காத்தது. கிடைப்பதற்கரிய எஃகும் வீணாகவில்லை.