நவம்பரில் முடியும் ஆண்டு

தீபாவளி முடிந்து மூச்சு விட்டிருப்போம். பொங்கல் இன்னும் தொலைவில். கடை வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஒன்றிரண்டாகத் தொங்கத் தொடங்கும் நவம்பர் கடைசி வாரத்தில், கத்தோலிக்கக் கோயில்களில் சத்தமில்லாமல் ஓர் ஆண்டு முடிந்துவிடுகிறது. வெடி இல்லை, கேக் இல்லை, நள்ளிரவு வாழ்த்து இல்லை. சனிக்கிழமை மாலையோடு பழைய ஆண்டு போய்விடும். மறுநாள் பூசைக்கு வருகிறவர்கள் பீடத்து விரிப்பும் சாமியாரின் மேலாடையும் ஊதா நிறத்துக்கு மாறியிருப்பதைப் பார்த்துத்தான் புத்தாண்டு பிறந்ததையே தெரிந்துகொள்வார்கள். அதுவும் கவனித்தால்தான்.

இதற்குத் திருவழிபாட்டு ஆண்டு என்று பெயர். நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதை ஒட்டி வரும் ஞாயிறுதான் கிறிஸ்துமசுக்கு முன்வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு; புதிய ஆண்டின் தொடக்கம். அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே விழும். அதற்கு முந்தைய ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. 2025இல் அது நவம்பர் 23; 2026இல் நவம்பர் 22. அந்த விழாவைத் தொடர்ந்து ஆறு வாரநாள்கள். அவ்வளவுதான் ஆண்டின் வால்.

ஜனவரி 1ஐ வரவேற்கிறவர்கள் வரப்போவதை எண்ணி மகிழ்கிறார்கள். திருச்சபையோ ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் வரவும் செலவும் இல்லை. ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. யாரை நினைத்தாய், யாரை மறந்தாய், யாரை வாசலிலேயே நிறுத்தினாய் என்று நவம்பர் மாதம் வாரம் தவறாமல் கேட்கிறது.

கல்லறையில் தொடங்கும் கணக்கு

முதல் கேள்வி நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று. பதினோராம் நூற்றாண்டை ஒட்டி பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓதிலோ இந்த நாளைத் தம் துறவிகளுக்கு ஏற்படுத்தினார் என்பது வரலாறு. தமிழ்நாட்டில் இது துறவியர் விழாவே அல்ல, முழுக்க முழுக்கக் குடும்ப விழா.

முதல் நாளே மண்வெட்டியும் அரிவாளுமாக வந்துவிடுவார்கள். ஓராண்டாக மண்டிய புல்லைச் செதுக்கி, சரிந்த மண்மேட்டை அணைத்து, சிமென்ட் சிலுவைக்கு வெள்ளையடித்து, மழையில் கரைந்த பெயரைக் கறுப்பு பெயின்ட்டால் மறுபடி எழுதுவார்கள். மாலையில் செவ்வந்தி மாலை, ஊதுபத்தி, மெழுகுதிரி. வடகிழக்குப் பருவமழை சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வரும். திரி அணையாமல் இருக்க, சிரட்டைக்குள் நட்டு வைப்பார்கள். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடுவார்கள். குடையை இறந்தவருக்குப் பிடித்துக்கொண்டு தாங்கள் நனைவார்கள். அப்பாவுக்குப் பிடித்த முறுக்கை ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடக்க, எங்கள் கல்லறையை விட்டுவிட்டீர்களே என்று பின்னாலிருந்து குரல் வரும்.

அந்த மாதம் முழுவதும் பங்கு அலுவலகத்தில் பூசைக் கருத்து எழுதக் கூட்டம் நிற்கும். தாத்தா, பாட்டி, மாமா, பிறந்தவுடன் போன குழந்தை என்று நீளும் பட்டியலைப் பூசைக்கு முன் வாசிப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் போதும், பூசை முடிந்ததும் உபதேசியார் பிடிபடுவார். சாதாரண நாளில் ஒரு குரு தன் விருப்பத்துக்கு மூன்று பூசை வைத்துவிட முடியாது. நவம்பர் 2 அன்று எல்லாக் குருக்களும் மூன்று பூசை வைக்கலாம் என்று 1915இல் அனுமதி தந்தவர் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட். முதல் உலகப்போரில் ஐரோப்பா முழுவதும் பிணக்காடாகக் கிடந்த நேரம் அது.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து செபிப்போர், உரிய நிபந்தனைகளோடு, இறந்தவர்களுக்காகப் பரிபூரணபலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, பெற்றுத் தரலாம் என்பது திருச்சபையின் ஒழுங்கு. 2020இல் கொரோனாவால் கூட்டம் கூடக் கூடாது என்றானபோது, அந்த எட்டு நாளை ரோமாபுரி மாதம் முழுமைக்கும் நீட்டியது. இறந்தவர்களைப் பார்க்கப் போவதற்குத்தான் அந்த ஆண்டு எவ்வளவு தேவை இருந்தது!

நடுவில் நிற்கும் சுவர்

இந்த அன்பு எல்லாக் கல்லறைகளுக்கும் ஒன்றுபோல் கிடைத்துவிடவில்லை. சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் பங்குகள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. ஒரே தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் உங்களுக்கு, அந்தப் பக்கம் எங்களுக்கு என்று பிரித்த இடமும் உண்டு. ஒரே அப்பத்தில் பங்குகொண்டவர்கள் செத்த பிறகு தனித்தனியாகக் கிடக்கிறார்கள். கோயில் திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை வரும், எந்தத் தெருவுக்குள் வராது என்பதில் நடக்கும் வழக்கும் அடிதடியும் ஊரறிந்தவை.

திருச்சபைக்கு இது தெரியாமல் இல்லை. நவம்பர் மாத இரண்டாம் ஞாயிற்றைத் தலித் விடுதலை ஞாயிறாகக் கடைப்பிடிக்குமாறு இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை பங்குகளைக் கேட்டுக்கொள்கிறது. 2016 டிசம்பரில் அதே பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுகிறது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. ஆவணம் வந்துவிட்டது, சுவர் போகவில்லை. பல பங்குகளில் அந்த ஞாயிறு வந்துபோவதே தெரிவதில்லை. வாசகங்கள் வாசிக்கப்படும், மறையுரை வேறு எதையாவது தொட்டுவிட்டு முடியும். கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் கழித்து இந்த ஞாயிறு வருவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மந்திரித்த தீர்த்தம் காய்வதற்குள் வருகிற கேள்வி இது.

அடுத்த கேள்வி, கிறிஸ்து அரசர் விழாவுக்கு முந்தைய ஞாயிறன்று. அது உலக வறியோர் நாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் அறிவித்து, 2017 நவம்பர் 19 அன்று முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. நம் பங்குகளில் பெரும்பாலும் அன்றைக்கு ஒரு சாப்பாடு, சேலை, போர்வை என்று முடிந்துவிடும். ஆனால் இந்த வேலையை ஆண்டு முழுவதும் விளம்பரம் இல்லாமல் செய்கிறவர்கள் பங்குக்குள்ளேயே இருக்கிறார்கள். 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபைதான் அது. உறுப்பினர்கள் இருவர் இருவராக ஏழை வீடுகளுக்குப் போவார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார். நூறு ரூபாய் போட்டவரும் ஒன்றும் போட முடியாதவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். கோயிலில் மின்விசிறி இறக்கையில்கூட நன்கொடையாளர் பெயர் எழுதும் பழக்கத்துக்கு நடுவே இந்தப் பை ஓர் அதிசயம்.

முள்முடி அரசர்

இதற்கெல்லாம் பிறகுதான் அரசர் வருகிறார். தமிழ்நாட்டுப் பங்குகளில் கிறிஸ்து அரசர் பெருவிழா என்றாலே நற்கருணைப் பவனி. பகலிலேயே தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார்கள். பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் ஆங்காங்கே சிறு பீடம் அமைத்து, வீட்டிலேயே நல்ல பட்டுச் சேலையாகப் பார்த்து விரிப்பார்கள். மாலையில் பீடச் சிறுவர்கள் மணியடிக்க, வெள்ளை உடுப்புச் சிறுமிகள் பூத்தூவ, தூபப் புகை நடுவே கதிர்ப்பாத்திரத்தை ஏந்திப் பங்குத்தந்தை நடப்பார். பாண்டு வாத்தியம், ஒலிபெருக்கி, வாழ்க முழக்கம். போக்குவரத்துக் காவலர் ஒருவர் பொறுமையாகப் பேருந்தை நிறுத்தி வைத்திருப்பார்.

இவ்வளவு பழக்கப்பட்ட இந்த விழாவுக்கு வயது நூறுதான். திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1925 டிசம்பர் 11 அன்று சுற்றுமடல் எழுதி இதை ஏற்படுத்தினார். ஜெர்மானியப் பேரரசர், ஆஸ்திரியப் பேரரசர், ரஷ்ய ஜார் என்று மணிமுடிகள் உருண்டு சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த வெற்றிடத்தில் புதிய சர்வாதிகாரிகள் எழும்பிக்கொண்டிருந்தார்கள். ரோமாபுரியிலேயே முசோலினி ஆட்சி. எந்த அரசும் மனிதனிடம் முழு வணக்கத்தைக் கேட்க முடியாது என்று சொல்லத்தான் இந்த விழா. அதன் விலை உடனே தெரிந்தது. மெக்சிகோவில் திருச்சபை ஒடுக்கப்பட்ட காலத்தில், 1927 நவம்பர் 23 அன்று, மிகுவேல் புரோ என்ற இயேசு சபைக் குரு துப்பாக்கிகளுக்கு முன் கைகளை விரித்து நின்றார். கிறிஸ்து அரசர் வாழ்க என்பதே அவர் கடைசியாகச் சொன்னது. நம் பவனியில் ஒலிபெருக்கி முழங்கும் அதே முழக்கம். சென்னை லயோலா கல்லூரி வளாகத்தில் 1930களில் எழுந்த கோயிலும் இந்தப் புதிய விழாவின் பெயரைத்தான் சூடிக்கொண்டது.

முதலில் இது அக்டோபர் கடைசி ஞாயிறன்று கொண்டாடப்பட்டது. 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நாள்காட்டியைச் சீரமைத்தபோது திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கு நகர்த்தினார். அதனால் விழாவின் பொருளே ஆழமானது. அரசுகளோடு வாதாடும் விழாவாக இருந்தது, காலத்தின் முடிவில் வரும் நடுவரைப் பற்றிய விழாவானது.

அந்த நாளின் நற்செய்திகளைப் பாருங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதலாம் ஆண்டில் மத்தேயு 25: பசித்தவருக்கு உணவு கொடுத்தாயா, சிறையில் இருந்தவரைப் பார்க்கப் போனாயா என்று அரசர் கேட்கும் தீர்ப்பு. இரண்டாம் ஆண்டில் யோவான் 18: கைதியாக பிலாத்து முன் நிற்கும் அரசர். மூன்றாம் ஆண்டில் லூக்கா 23: சிலுவையில் தொங்கும் அரசர், அவரிடம் மன்றாடும் ஒரு குற்றவாளி. மத்தேயுவின் தீர்ப்பிருக்கையைத் தவிர, இந்த மூன்றிலும் அவர் அமரச் சிம்மாசனம் எதுவும் சொல்லப்படவில்லை. அந்த இருக்கையில் அமர்ந்தும் அவர் விசாரிப்பது பசியையும் தாகத்தையும்தான். பவனியில் யார் குடை பிடிப்பது என்று பங்குப் பேரவையில் மனஸ்தாபப்படுகிறவர்கள் இந்த மூன்று வாசகங்களையும் ஒருமுறை சேர்த்துப் படிக்கலாம்.

யாரும் வராத ஆறு நாள்

விழா முடிந்த மறுநாளிலிருந்து கோயிலில் காலைப் பூசைக்கு வருவது பத்துப் பதினைந்து பேர்தான்; அதிலும் பாதி பாட்டிமார். ஆனால் ஆண்டின் மிகக் காரசாரமான வாசகங்கள் அந்த வாரத்தில்தான். ஒற்றைப்படை ஆண்டுகளில் தானியேல் நூல். செவ்வாயன்று பொன் தலையும் களிமண் கலந்த பாதமும் கொண்ட சிலை நொறுங்குகிறது. புதனன்று பெல்சாட்சர் அரசனின் விருந்து நடுவே ஒரு கை சுவரில் எழுதுகிறது. இரட்டைப்படை ஆண்டுகளில் திருவெளிப்பாடு, பாபிலோன் விழுகிறது. ஞாயிறன்று ஓர் அரசரைக் கொண்டாடிவிட்டு, வாரம் முழுக்க மற்ற அரசர்கள் சரிவதைக் கேட்கிறோம்.

இந்த இடிபாடுகளுக்கெல்லாம் முன்னால், திங்களன்று, ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போடும் நற்செய்தி. பேரரசுகளின் கணக்கு முடிகிற வாரத்தை அவளை வைத்துத் தொடங்குகிறது திருச்சபை. சனியன்று விழித்திருக்கச் சொல்லும் எச்சரிக்கையோடு ஆண்டு நிறைவுறும். மறுநாள் புதிய ஆண்டின் நற்செய்தியும் அதையே சொல்லித் தொடங்கும். நடுவில் இடைவேளை விடவில்லை.

கோட்டாற்றில் இரண்டும் ஒன்றாக

இந்த முடிவும் தொடக்கமும் ஒரே திருவிழாவுக்குள் அடங்குவதைக் காண நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். அங்குள்ள கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழா நவம்பர் பிற்பகுதியில் கொடியேறி டிசம்பர் 3 அன்று நிறைவுறும். 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் நடந்து திரிந்த பிரான்சிஸ் சவேரியார், 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த நாள் அது. குமரி மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. இந்துக்களும் முஸ்லிம்களும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பார்கள். 2023இல் டிசம்பர் 3ஆம் தேதியே திருவருகைக் கால முதல் ஞாயிறாகவும் அமைந்தது. அடக்க ஒடுக்கமாகத் தொடங்க வேண்டிய ஆண்டு தேரும் வாணவேடிக்கையுமாக வந்து சேர்ந்தது.

அதே கோயிலுக்குள் இருக்கிறது தேவசகாயம் கல்லறை. திருவிதாங்கூர் அரண்மனை ஊழியரான அவர் 1745இல் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றபோது, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் ஆனார். உயர்ந்த சாதியில் பிறந்த அவர் சாதி பாராமல் எல்லோரோடும் பழகியது, அவரைச் சுற்றி இருந்தவர்களின் கோபத்தைக் கிளறியது. கல்லறைத் தோட்டத்தில் சுவரைக் காக்கிற பங்குகளும் அவருக்குச் சுரூபம் வைத்து மாலை போடுகின்றன.

டிசம்பர் பிறந்ததும் பங்குப் பேரவை கூடும். குடில் எங்கே, கரோல் எந்தெந்த அன்பியத்துக்கு எந்த நாள், விளக்கு அலங்காரத்துக்கு எவ்வளவு என்று பேச்சு நீளும். அந்தக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் முதல் இடத்தைக் கல்லறைச் சுவருக்குக் கொடுக்கலாம். இடிக்க ஆகும் கூலி, ஒரு மாலை விளக்கு அலங்காரத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். நவம்பர் முழுவதும் கேட்ட கேள்விகளுக்குப் பங்கு தரக்கூடிய முதல் பதில் அதுதான்.