பள்ளிக்கூட மணியும் பயிர்ப் பட்டமும்

மேட்டூர் அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் விட வழக்கமாகக் குறித்துள்ள நாள் ஜூன் 12. 2023ஆம் ஆண்டில் அந்த நாளிலேயே அணை திறக்கப்பட்டது. வெயிலின் கடுமையால் இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்ட பள்ளிக்கூடங்களும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, அன்றுதான் திறந்தன. நாற்றங்காலுக்கு உழவு ஓட்ட வேண்டிய நேரமும், பிள்ளைக்குப் பையும் செருப்பும் வாங்க வேண்டிய நேரமும் ஒன்றாக வந்து நின்றதை டெல்டா விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

பள்ளி நேரத்தை மாலையில் நீட்ட வேண்டும், கோடை விடுமுறையைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்து விடுகிறார்கள், வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தெரியவில்லை என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இரண்டுமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பட்டணத்துக்காரர்கள். மாடும் வயலும் உள்ள வீட்டிலும், கூலிக்குப் போகிற வீட்டிலும் இந்த மாற்றம் என்ன செய்யும் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கோடை விடுமுறை யாருக்காக?

விவசாய வேலைக்குப் பிள்ளைகள் உதவியாக இருக்கட்டும் என்றுதான் கோடை விடுமுறை ஏற்பட்டது என்று படித்தவர்களே சொல்வதுண்டு. காவிரிப் படுகையில் விவசாயம் செய்கிறவர் இதைக் கேட்டால் சிரிப்பார். குறுவை ஜூனில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வருகிறது. சம்பா ஆகஸ்டு, செப்டம்பரில் விதைத்து ஜனவரி, பிப்ரவரியில் அறுக்கப்படுகிறது. அறுப்புக்குச் சில நாள் முன்பு வயலில் தெளித்த உளுந்து மார்ச், ஏப்ரலில் வீடு வந்து சேருகிறது. மே மாதத்தில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவரைத் தவிர மற்றவர் வயல் வெடித்துக் கிடக்கும். நடவும் அறுப்பும் நடக்கும்போது பள்ளிக்கூடமும் நடக்கிறது. வயல் ஓய்ந்திருக்கும்போதுதான் பள்ளிக்கூடமும் ஓய்கிறது. ஆகவே நம் ஊர்க் கோடை விடுமுறை வெயிலுக்காக விட்ட விடுமுறையே தவிர, வயலுக்காக விட்டது அல்ல.

அமெரிக்காவிலும் இதே தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அங்கே விதைப்பு வசந்தத்தில், அறுவடை இலையுதிர் காலத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கிராமப் பள்ளிகள் குளிர்காலத்திலும் கோடையிலும்தான் நடந்தன. கோடையில் மூடும் வழக்கம் பெரிதும் நகரங்களிலிருந்து வந்தது. உண்மையிலேயே பயிருக்காக விடுமுறை விடும் இடமும் அங்கு உண்டு. மெய்ன் மாநிலத்தின் அரூஸ்டுக் வட்டாரத்தில் உருளைக்கிழங்கு தோண்டும் பருவத்தில் பள்ளியைச் சில வாரம் மூடுவது நெடுநாளைய வழக்கம். அதை ஈடுகட்ட ஆகஸ்டிலேயே பள்ளியைத் திறந்து விடுவார்கள். தோண்டும் இயந்திரங்கள் பெருகிய பிறகு சில பள்ளிகள் அந்த விடுமுறையைக் குறைத்தும் விட்டன.

கோடையில் விவசாயிக்கு வேலையே இல்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. கோடை உழவு, ஏரி வண்டல் அடித்தல், எருக்குழியைக் காலி செய்தல், வரப்பு வெட்டுதல் எல்லாம் இந்தக் காலத்து வேலைகள்தாம். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட வருவதும் இப்போதுதான். தாத்தாவோடு வண்டிச்சட்டத்தில் உட்கார்ந்து போகிற பிள்ளை, எந்த வயலுக்கு எத்தனை வண்டி வண்டல் வேண்டும், கிடை போட்ட வயலில் உரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதையெல்லாம் யாரும் பாடம் நடத்தாமலே தெரிந்துகொள்கிறது. இதைப் பெரிய படிப்பு என்று கொண்டாட வேண்டியதில்லை. அதை இழப்பது இழப்பில்லை என்றும் சொல்லிவிட முடியாது.

சட்டத்தில் உள்ள வரி

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஆபத்தில்லாத குடும்ப வேலைகளில், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் பிள்ளை உதவி செய்யலாம். பள்ளி நேரமும் விடுமுறையும் எவ்வளவு என்பதுதான், ஒரு விவசாயியின் பிள்ளை வீட்டுக்கு எவ்வளவு உதவலாம் என்பதற்கும் எல்லை. எனவே பள்ளி நேரத்தை நீட்டினால் இந்த எல்லையும் தானாகவே சுருங்கும். அது நல்லதா கெட்டதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். பூச்சிமருந்து தெளிப்பான், கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம் ஆகியவற்றின் பக்கத்தில் பிள்ளைகளை விடக் கூடாது என்பதற்கு மட்டும் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

மாலை நேரத்தின் விலை

சாதாரணமாகக் கிராமத்துப் பள்ளி நாலேகால் மணிவாக்கில் விடுகிறது. இரண்டு கறவை மாடும் நாலு ஆடும் உள்ள ஒரு சிறு விவசாயி வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா மடை திருப்பப் போயிருப்பார். அம்மா களையெடுப்பிலிருந்து அப்போதுதான் திரும்பியிருப்பார். மாட்டைத் தண்ணீர் காட்டிக் கட்ட வேண்டும், பால் கறந்து சொசைட்டிக்கு எடுத்துப் போக வேண்டும், ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட வேண்டும். சொசைட்டியில் பால் எடுக்கும் நேரம் யாருக்காகவும் காத்திருக்காது. இந்த ஒரு மணி நேரத்தில்தான் பிள்ளையின் கை வீட்டுக்குத் தேவைப்படுகிறது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மாட்டுத் தும்பைப் பிடிக்கத்தான் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது.

பள்ளி ஐந்தரை மணிக்கு விட்டால் என்ன ஆகும்? கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அதுவே அடைமழைக் காலமும் ஆகும். பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையில் இரண்டு மைல் நடந்து வர வேண்டிய பெண் பிள்ளையை எத்தனை வீட்டில் தொடர்ந்து அனுப்புவார்கள்? மாலைச் சிறப்பு வகுப்பு என்றால் அப்பாவோ அண்ணனோ சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிரே போகிற வழக்கம் இப்போதே உண்டு. அப்படிப் போக ஆள் இல்லாத வீட்டில் முதலில் நிற்பது பெண்ணின் படிப்புதான்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஆண்டுக்கு 210 நாள் பள்ளி நடப்பதாக வைத்துக்கொண்டால், தினம் அரை மணி கூட்டினால் 105 மணி நேரம் ஆகிறது. கோடை விடுமுறையில் இரண்டு வாரத்தைக் குறைத்து, பன்னிரண்டு நாள், நாளொன்றுக்கு ஆறு மணி வீதம் நடத்தினால் 72 மணி நேரம்தான் கிடைக்கிறது. காகிதத்தில் மாலையை நீட்டுவதே லாபமாகத் தெரியும். ஆனால் விடியற்காலை எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு மாலை நாலரை மணிக்குமேல் சொல்லித் தருவதில் எவ்வளவு மனதில் நிற்கும் என்பதைக் காகிதம் காட்டாது.

கூடுதல் நேரம் சட்டப்படித் தேவையும் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்றும், ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம் என்றும் குறைந்த அளவை வகுத்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு நாலு, நாலரை மணி நேரம்தான். நம் பள்ளிகள் இப்போதே அதற்கு மேல் நடக்கின்றன. 1983இல் அமெரிக்க அரசு அமைத்த குழு ஒன்று, தங்கள் பள்ளிகள் 200 முதல் 220 நாள் வரை நடப்பதை ஆலோசிக்கலாம் என்று சொன்னது. அவர்கள் எட்ட நினைத்த அளவு நம் சட்டத்திலேயே இருக்கிறது.

கூலி வீட்டின் கோடை

நிலம் உள்ளவர் கதை இது. நிலமில்லாத கூலி வீட்டுக்குப் போனால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே கோடை என்றால் கூலி இல்லாத காலம். பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளையின் மதியச் சாப்பாடும் நின்றுவிடுகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலைச் சிற்றுண்டியும் வந்திருப்பதால், அந்த வயதுப் பிள்ளைக்கு விடுமுறை என்பது தினம் இரண்டு வேளைக் கணக்கு. பட்டணத்தில் விடுமுறையைப் பற்றி வாதாடுகிறவர்கள் இந்த ஒன்றை மறந்தே போகிறார்கள். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளி உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. மழை பொய்த்த ஆண்டில் பயிர்க்கடன் தள்ளுபடியைக் கேட்கும் கிராமங்கள் இந்த உத்தரவையும் நினைவுபடுத்திக் கேட்கலாம்.

இந்த வீடுகளுக்கு விடுமுறை குறைவது நன்மையே. ஆனால் எந்த வாரத்தைக் குறைப்பது? மே மாதத்தில் கைவைக்க முடியாது. வேலூர், திருத்தணி, கரூர் பக்கங்களில் அக்கினி நட்சத்திரத்தில் தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் பிள்ளைகளை உட்கார வைப்பது படிப்பாகாது. ஜூன் முதல் வாரத்தைக் குறைக்கலாம் என்றால், 2023இல் நடந்தது போலவே 2024இலும் வெயிலால் திறப்பு ஜூன் 10க்குத் தள்ளிப்போனது. மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளைக் குறிக்கும் வரையில் இந்தச் சிக்கல் தீராது. ஊத்துக்குளி வெயில் வேறு, உதகை வெயில் வேறு அல்லவா?

பழைய பாடம்

விவசாயிக்காகப் பள்ளி நேரத்தைக் குறைக்கலாமே என்று சொல்கிறவர்களும் உண்டு. அது ஒருமுறை நடந்து பார்த்தது. 1953இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது சென்னை மாநிலக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, காமராஜர் முதல்வரானதும் 1954 மே மாதத்தில் கைவிடப்பட்டது. அப்பன் ஏர் பிடித்தான் என்பதற்காக மகனுக்குப் பாதிப் படிப்புப் போதும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதே அன்றைய எதிர்ப்பின் சாரம். அது சரியான எதிர்ப்பு. எனவே மணி நேரத்தைக் குறைக்கும்படி இன்று எந்த விவசாயியும் கேட்கப் போவதில்லை. இருக்கிற மொத்த நாட்களை எந்த மாதத்தில் வைப்பது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வட்டாரத்துக்கு ஒரு நாட்காட்டி

இது நடக்காத காரியம் அல்ல. இமாசலப் பிரதேசத்தில் ஒரே மாநிலத்துக்குள் கோடையில் மூடும் பள்ளிகளும் குளிர்காலத்தில் மூடும் பள்ளிகளும் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் விதர்ப்பப் பகுதிப் பள்ளிகள் வெயிலை முன்னிட்டு மற்ற பகுதிகளைவிடப் பிந்தித் திறக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பள்ளி நாட்காட்டியை முடிவு செய்வதை உள்ளாட்சி அமைப்பின் கடமைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் மாவட்ட அளவில் நாட்காட்டி வகுக்கலாம் என்று கூறியது.

மாவட்டத்துக்கு மாவட்டம் தேவையும் வேறு. டெல்டாவில் தைப் பொங்கலை ஒட்டிச் சம்பா அறுப்புக்காகக் கூடுதலாக ஒரு வாரம் விட்டு, அதை ஏப்ரல் கடைசியில் ஈடுகட்டலாம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்தில் பதநீர்ப் பருவத்தில் பனைத் தொழிலாளர் குடும்பங்கள் விடிலி போட்டுப் பனங்காட்டிலேயே தங்கிவிடுவதுண்டு. அங்கே தேவை விடுமுறை அல்ல, காட்டுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பு. செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துக்கும் கிடை ஆட்டோடு நடக்கும் கீதாரி குடும்பத்துக்கும் எந்த நாட்காட்டியும் ஒத்துவராது. பிள்ளை போய்ச் சேர்ந்த ஊரில் உடனே சேர்த்துக்கொள்ளும் பள்ளிதான் அவர்களுக்கு வழி.

இடைஞ்சல்கள் இல்லாமல் இல்லை. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாநிலம் முழுவதும் ஒரே நாளில் நடக்கிறது. ஆகவே மேல் வகுப்புகளில் கைவைப்பது கடினம். அண்ணன் மேல்நிலைப் பள்ளியிலும் தங்கை தொடக்கப் பள்ளியிலும் படிக்கும் வீட்டில் இரண்டு விதமான விடுமுறை தலைவலியாகும். ஆசிரியர் வெளியூர்க்காரராக இருந்தால் அவர் குடும்பத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரையிலாவது, ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாளை மட்டும் வட்டாரத்தின் விருப்பத்துக்கு விட்டால் இந்த இடைஞ்சல்களில் பெரும்பகுதி எழாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்களே. அவர்களில் எத்தனை பேர் கூட்டத்தில் வாய் திறந்து பேசுகிறார்கள் என்பது வேறு விஷயம். மே 1ஆம் தேதி கிராம சபைக் கூட்டம் கூடுகிறது. ஜூனில் தொடங்கும் பள்ளி ஆண்டுக்கு அதற்கு முன் ஒரு மாதம் இருக்கும். தங்கள் ஊரில் நடவு எப்போது, அறுப்பு எப்போது, எந்த வாரங்களில் வகுப்பில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்பதைத் தலைமையாசிரியரின் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, மாலையில் கடைசி பஸ் வரும் நேரத்தையும் சேர்த்து எழுதி, அந்தக் கூட்டத்தில் தீர்மானமாக வைத்து, அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம்.