மேசை மேல் ஒரு குதிரைச் சவாரி!

20 முகப் பகடையும், ஏற்காட்டின் 20 வளைவும்

குதிரை இல்லாமல் குதிரைச் சவாரி செய்ய முடியுமா?

முடியும்! ஒரு மேசை, நாலு பேர், காகிதம், பென்சில், ஒரு பகடை. இவ்வளவு இருந்தால் போதும்.

இதற்குக் "கதாபாத்திர விளையாட்டு" என்று பெயர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேடம் ஏற்பார்கள். என்ன செய்யப் போகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா, இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

இந்த வகை விளையாட்டில் புகழ் பெற்றது "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்". கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற 2 அமெரிக்கர்கள் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974-ல் வெளிவந்தது.

சவாரிக்கு மார்க்கு

2000-ல் வந்த 3-வது பதிப்பில், "சவாரி" ஒரு தனித் திறமை. பகடைக்கு 20 முகங்கள். விழுந்த எண்ணோடு, சவாரி செய்பவரின் திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். குறித்த எண்ணைத் தொட்டு விட்டால் வெற்றி.

கடிவாளத்தை விட்டுவிட்டு முழங்காலால் குதிரையை நடத்த 5 வேண்டும். தடையைத் தாண்டிக் குதிக்க 15. கீழே விழும்போது அடிபடாமல் விழ 15. கண் மூடித் திறப்பதற்குள் ஏறவோ, இறங்கவோ 20.

சேணம் இல்லையா? கூட்டலில் 5 குறையும்!

சென்னையில் கவர்னர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை இருக்கிறது. 1839-ல் நிறுவப்பட்டது. அந்தக் குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. மன்றோ 1792 முதல் 1799 வரை சேலம் சீமையில் வரி அதிகாரியாக இருந்தவர். சிலையில் இருப்பதுபோல் அவர் இந்த விளையாட்டுக்கு வந்தால், முதலிலேயே 5 மார்க்கு போய்விடும்!

ஏற்காட்டுக்கு ஏறுவோம்

ஒரு சின்ன ஆட்டம் பார்ப்போம். மோட்டார் வராத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்: சேர்வராயன் மலை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம். அங்கே ஒரு குழந்தைக்குக் கடும் காய்ச்சல். சேலத்தில் மருந்து வாங்கியாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் மேலே கொண்டுபோக வேண்டும். சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதை செங்குத்து. மூடுபனி வேறு.

தங்கை குதிரைக்காரி. அவளுடைய திறமை எண் 4. அண்ணன் கதை நடத்துகிறான்.

"வழியில் மரம் விழுந்து கிடக்கிறது. என்ன செய்கிறாய்?"

தாண்டிக் குதிக்கலாம். அதற்கு 15 வேண்டும். பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு! தவறினால் குதிரையும் போகும், மருந்தும் போகும்.

அல்லது, இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்துச் சுற்றிப் போகலாம். ஆபத்து இல்லை. ஆனால் நேரம் போகும். பொழுது சாய்ந்துவிட்டால்?

இங்கேதான் விளையாட்டின் சுவை இருக்கிறது. தைரியமா, நிதானமா? தங்கைதான் முடிவு செய்ய வேண்டும்.

நிஜ மலையில் எப்படி?

நிஜச் சவாரியிலும் மலைப் பாதை கடினமானதுதான். ஏறும்போது உடலைச் சற்று முன்னால் சாய்க்க வேண்டும். அப்போதுதான் குதிரையின் முதுகுப் பாரம் குறையும். கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கக் கூடாது. குதிரை தலையை அசைத்துத்தான் நிலை தடுமாறாமல் நடக்கிறது. இறங்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, குதிரையை மெதுவாக விட வேண்டும். சேணத்து வார் தளர்ந்திருக்கிறதா என்று நடுவே பார்க்க வேண்டும். களைத்த குதிரைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

இது தெரியாவிட்டால் என்ன ஆகும்? நம் நாட்டுச் சரித்திரமே சொல்கிறது.

சோறு தின்ற குதிரைகள்

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்குக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் "பட்டினப்பாலை" சொல்கிறது.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலி யாத்திரீகர் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தார். அரசர் ஆண்டுதோறும் 2,000-க்கு மேல் குதிரைகள் வாங்கினார் என்றும், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

காரணம் என்ன? குதிரைகளைப் பராமரிக்க இங்கே ஆட்களுக்குத் தெரியவில்லை என்கிறார் அவர். குதிரைக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்களாம்!

பணம் இருந்தது. குதிரை இருந்தது. குதிரையைப் பற்றிய அறிவு இல்லை. வாயில்லா ஜீவன்கள் மடிந்தன.

மாறிய விதி

விளையாட்டும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது போலிருக்கிறது. 2014-ல் வந்த 5-வது பதிப்பில் "சவாரி" என்ற தனித் திறமை இல்லை. அதற்குப் பதில் "விலங்குகளைக் கையாளுதல்" வந்தது. மிரண்ட குதிரையைச் சாந்தப்படுத்துவது, அது என்ன நினைக்கிறது என்று அறிவது, ஆபத்தான இடத்தில் அடக்கி நடத்துவது எல்லாம் இதில் சேரும். இது உடல் பலத்தைப் பொறுத்தது அல்ல. விவேகத்தைப் பொறுத்தது!

நீங்களும் ஆடலாம்

வீட்டில் 20 முகப் பகடை இல்லையா? கவலை வேண்டாம். 20 சீட்டுகளில் 1 முதல் 20 வரை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். குலுக்கி ஒன்றை எடுங்கள். பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கும் வரும், கதை சொல்லவும் வரும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். மேசைக் குதிரையிலிருந்து விழுந்தால் அழிப்பான் போதும். நிஜக் குதிரை அப்படி அல்ல. தலைக்கவசம் வேண்டும், பழக்கியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்று சேலத்திலிருந்து பஸ்சில் ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு போய்விடலாம். அடுத்த முறை போகும்போது ஜன்னல் வழியே சரிவைப் பாருங்கள். அதில் குதிரையை நடத்த எவ்வளவு விவேகம் வேண்டும் என்பது புரியும்.