முதல் தோட்டாவுக்கு முன்பே

எங்கள் ஊரான பெக்கோக்கில், துப்பாக்கியில் மாட்டும் ரெட் டாட் சைட் என்று பேச்செடுத்தால், பெரும்பாலோர் சினிமாவில் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆளின் நெஞ்சில் சிவப்பு வெளிச்சம் ஊர்ந்து வரும், அடுத்த நொடி வெடிச் சத்தம். அது லேசர். ரெட் டாட் சைட்டிலிருந்து இலக்கை நோக்கி எந்த வெளிச்சமும் போவதில்லை. புள்ளி சுடுகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ராணுவத்தில் இருந்த காலத்தில் சுடுதளத்தில் நின்று பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட பிறகும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முழுதாக எழுதிவிடுகிறேன்.

சைட்டின் உள்ளே ஓரத்தில் சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் ஒளி எதிரே உள்ள வளைந்த கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. கண்ணாடியின் மேல் உள்ள பூச்சு அந்தச் சிவப்பை மட்டும் திருப்பிவிட்டு, வெளிக்காட்சியை அப்படியே உள்ளே விடும். வளைவின் கணக்கால் கதிர்கள் இணையாக வருவதால், புள்ளி வெகுதூரத்தில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. ரயிலில் போகும்போது நிலா கூடவே வருமே, அதுபோலத் தலையை லேசாக அசைத்தாலும் புள்ளி இலக்கைவிட்டு விலகுவதில்லை. கிட்டத்து இலக்கில், கண்ணாடி விளிம்புக்குப் புள்ளி போய்விட்டால் கொஞ்சம் விலகல் இருக்கும். அதனால் ஸீரோ செய்யும்போது, அதாவது குண்டு விழும் இடத்தோடு புள்ளியைப் பொருத்தும்போது, அதைக் கண்ணாடி நடுவில் வைத்துச் சுடச் சொல்வேன். இந்த யோசனைக்கு 1900-இலேயே காப்புரிமை வாங்கியவர் டப்ளினில் தொலைநோக்கி செய்துவந்த ஹோவர்ட் கிரப். துப்பாக்கியில் மின்கலத்தோடு பொருத்தும் சைட்டாக அதை 1975-இல் கொண்டுவந்தது சுவீடனின் எய்ம்பாயிண்ட் கம்பெனி.

புள்ளி தெரிந்துவிட்டால் குறி விழும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதை எங்கள் வட்டாரத்துப் பழைய ஆட்களிடம் கேட்டாலே போதும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாவில் படையினரும் போலீசாரும் ஏந்தியவற்றில் லீ என்ஃபீல்டு 5-ஆம் நம்பர் ஒன்று, ஜங்கிள் கார்பைன் என்பார்கள். காட்டுக்குத் தோதான குட்டைத் துப்பாக்கி. அதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. இன்று ஸீரோ செய்து வைத்தால் நாளை குறி வேறிடத்தில் விழும் என்பார்கள். எடை குறைக்க உலோகத்தைக் குடைந்து எடுத்ததால் உடல் வளைந்துகொடுத்தது என்பது பலர் சொல்லும் காரணம். துப்பாக்கியின் உடலே அசைந்தால் எந்தக் குறியை நம்புவது? ரெட் டாட்டிலும் எனக்கு இதே கவலைதான். அசைவதற்கு இங்கே இடம் கொடுப்பது சைட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூ.

அதனால் மாட்டும் வேலையை நான் அவசரப்படுத்தவே விடமாட்டேன். எம்4 மாதிரியான துப்பாக்கியின் மேல் முதுகில் குறுக்குப் பள்ளங்களோடு ஓடும் பட்டைக்கு பிக்கட்டினி ரெயில் என்று பெயர். 1995-இல் அமெரிக்க ராணுவம் அதற்குத் தர அளவு வகுத்தது. ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையே 10 மி.மீ. சைட்டைத் துப்பாக்கியின் உடற்பகுதியான ரிசீவரின் மேலுள்ள ரெயிலில் மட்டுமே மாட்ட வேண்டும். பாதி ரிசீவரிலும் பாதி முன்கைப்பிடியிலுமாகப் பாலம் போட்டு மாட்டினால், கைப்பிடி அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் அசையும்போது சைட்டும் சேர்ந்து அசையும்.

முதலில் ரெயிலையும் ஸ்குரூவையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்க வேண்டும். பிறகு சைட்டின் அடிப்பிடியான மவுண்டைப் பள்ளத்தில் உட்காரவைத்து, குழலின் வாய்ப் பக்கமாக முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கிறது. சைட் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ரெயிலைப் பொறுத்தவரை அது முன்னே ஓடுவதாகத்தான் அர்த்தம். முதலிலேயே பள்ளத்தின் முன்சுவரில் முட்டி நின்றுவிட்டால் ஓட வழியில்லை.

முறுக்கும் அளவைக் கையால் ஊகிக்கக் கூடாது. சைட்டோடு வரும் புத்தகத்தில் அளவு போட்டிருப்பார்கள். முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனரில் அந்த அளவை வைத்து முறுக்க வேண்டும். பலம் காட்டி முறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும், தளர விட்டாலோ சூடு ஏற ஏறக் கழன்றுவரும். மரையைப் பிடித்துக்கொள்ளும் பசை போடச் சொல்லியிருந்தால் நீல நிறத்தில் ஒரு துளி போதும். சிவப்புப் பசை வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். கடைசியாக ஸ்குரூத் தலையிலிருந்து மவுண்டுவரை கியூடெக்ஸால் ஒரு மெல்லிய கோடு. கோடு இரண்டாக விலகியிருந்தால் ஸ்குரூ நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஒருமுறை தளத்தில் தமிழ்ப் பையன் ஒருவன் சைட்டில் குறியை நகர்த்தும் டயலைத் திருகிக்கொண்டே இருந்தான். "சார்ஜன், எத்தனை கிளிக் வச்சாலும் ஒரே எடத்துல விழமாட்டேங்குது." "டயலை விடுப்பா, கோட்டைப் பாரு" என்றேன். முன் ஸ்குரூவின் கோடு விலகியிருந்தது. சைட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிச் சுட்டபோது தோட்டாக்கள் ஒரே இடத்தில் கூடின.

இனி ஸீரோ. 25 மீட்டரில் தொடங்குவது வசதி. துப்பாக்கியை மணல்மூட்டையில் தாங்கவைத்து, புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பளிச்சென்று எரியும் புள்ளி ஊதிப்போய் இலக்கையே மூடிவிடும். ஒரே இடத்தில் குறிவைத்து மூன்று தோட்டா சுட்டு, மூன்று துளைகளுக்கும் நடுவைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே ஒரு துளையை நம்பி டயலைத் தொடுவது வீண் வேலை. பல சைட்டுகளில் டயலின் ஒரு கிளிக் என்பது எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் பாதி. அது 100 மீட்டரில் சுமார் 1.45 செ.மீ., 25 மீட்டரில் 3.6 மி.மீ. துளைகளின் நடு 3 செ.மீ. கீழேயும் 1.5 செ.மீ. இடப்பக்கமும் இருந்தால் மேலே 8 கிளிக், வலப்பக்கம் 4 கிளிக். டயலில் மேலே என்று அம்பு போட்டிருந்தால் பெரும்பாலும் குண்டு மேலே போகும் என்று பொருள். புள்ளி எதிர்த்திசையில் கீழே நகரும். இதில் குழம்பாதவர் குறைவு. பிறகு 50 மீட்டரில் சுட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. 5.56 தோட்டாவை 50 மீட்டரில் ஸீரோ செய்தால், குண்டு பார்வைக் கோட்டுக்குச் சற்று மேலேறி 200 மீட்டரைத் தாண்டித்தான் மறுபடி கோட்டுக்கு வரும்.

கிட்டத்தில் இருப்பதைச் சுடும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்4-இல் சைட்டின் கண், குழலின் நடுவிலிருந்து ஏறக்குறைய 6.6 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 50 மீட்டரில் சரியாக விழும் துப்பாக்கி 10 மீட்டரில் 5 செ.மீ. தாழ்ந்து அடிக்கும். அதைப் பார்த்து ஸீரோ கெட்டுவிட்டது என்று டயலைத் திருப்பினால் இருந்த ஸீரோவும் போச்சு.

இதைப் படித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் சுட்டுப் பார்க்க யாரும் கிளம்ப வேண்டாம். காட்டுப்பன்றி செம்பனைக் கன்றுகளைக் கிளறுகிறது என்று உரிமத்தோடு ஷாட்கன் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தெரிந்திருக்கும். உரிமமில்லாத துப்பாக்கி கையில் இருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுவரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும். ஸீரோ பார்க்க வேண்டிய இடம் அனுமதி பெற்ற சுடுதளம் மட்டுமே.

எங்கள் ஊர் மழை தெரியும். எண்டாவ் ரொம்பின் காட்டு ஓரத்தில் ஈரம் காயவே காயாது. மின்கல மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் உள்ளே பச்சை பிடித்துவிடும். ஒவ்வொரு மின்கல மாற்றத்திலும் அதைப் பாருங்கள். எந்தத் தோட்டா, எந்தத் தூரம், எந்தப் பள்ளம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோட்டாவின் வகை மாறினால், சைட் கீழே விழுந்தால், கோடு விலகினால், மறுபடி சுட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த சைட் ஒரு வரம். இரும்பு சைட்டில் முன்குறி, பின்குறி, இலக்கு மூன்றையும் கண் சமாளிக்க வேண்டும்; கிட்டப் பார்வை மங்கியவருக்கு முன்குறி கலங்கும். இதில் இரண்டு கண்ணையும் திறந்து இலக்கை மட்டும் பார்த்தால் போதும். சிலருக்குப் புள்ளி வால் முளைத்ததுபோலவோ சிதறியோ தெரியும். உடனே சைட்டைக் குறை சொல்வார்கள். கைப்பேசி கேமராவை சைட்டுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் கருவிழியின் வளைவில்தான். சிகாமட்டிலோ குளுவாங்கிலோ கண் சோதித்து அதற்கான கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸீரோவையும் அந்தக் கண்ணாடியோடே செய்யுங்கள்.